போடாத ஊசிக்கு ஒரு கையெழுத்து

1

இந்தக் கதை இன்று காலை வந்த ஒரு போன் அழைப்பில் பிறந்தது.

முதல் தொடக்கம்: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு...

(வேண்டாம். மழையே இல்லை.)

இரண்டாவது: ஒரு கணவன், ஒரு மனைவி, பத்து மாதப் பெண் குழந்தை. குழந்தைக்கு டாக்டர் தேடிய கதை கல்யாணத்துக்குப் பெண் தேடிய கதையைவிட நீளம். முதல் டாக்டர் தலை நிமிரவே இல்லை. இரண்டாமவர் கேள்வி கேட்டாலே எரிந்து விழுந்தார். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான், "எவ்வளவு சின்ன சந்தேகமா இருந்தாலும் கேளுங்க" என்றார். மனைவிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

2

ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கணவன்தான் தூக்கிக்கொண்டு போனான். போன ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொடை கல்லாக வீங்கியிருந்தது. டாக்டரம்மாவின் அறைக்குள் வேறொரு குழந்தை வீறிட்டது. அவன் சற்றுத் தயங்கி...

(பொய். ஊசி போடாமலே ஓடி வந்துவிட்டான்.)

"போட்டாச்சா?" சாயங்காலம் மனைவி கேட்டாள்.

"ம், போட்டாச்சு. அழவே இல்ல."

தடுப்பூசி அட்டையில் டாக்டரம்மாவின் கையெழுத்தையும் அவனே போட்டான். டாக்டர் கையெழுத்துதானே, புரியாமல் கிறுக்கினால் போதும். (இங்கே நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.) அடுத்த வாரம் போட்டுவிடலாம் என்று நினைத்தான். ஐந்து வாரம் ஓடிவிட்டது.

3

போனில், பாப்பாவைப் பகலில் விடும் குழந்தைகள் காப்பகத்து டீச்சர். அங்கே ஒரு குழந்தைக்குத் தட்டம்மையாம். "நேத்து எல்லாம் ஒண்ணாதான் விளையாடிச்சுங்க."

மனைவி போனை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நம்ம பாப்பாவுக்குப் போட்டாச்சு."

அவன் குளியலறைக்குள் புகுந்தான். பேச்சு வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டான். அவர் திட்டவில்லை.

"இன்னிக்கே கொண்டு வாங்க. சீக்கிரம் போட்டா வராம தடுக்க வாய்ப்பு இருக்கு. உங்க மனைவிகிட்ட நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க."

4

முடிவுகள்.

அ) உண்மையைச் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள். (இந்தப் பாத்திரத்தை எனக்குத் தெரியும். இன்றைக்கு மன்னிக்க மாட்டாள்.)

ஆ) கடைக்குப் போவதாகச் சொல்லி ரகசியமாக ஊசி போட்டுவிடுகிறான். (பயந்தாங்கொள்ளியின் முடிவு. முதலில் எழுதியது இதைத்தான். ஆனால் ஊசியையும் மீறிக் காய்ச்சல் வந்தால், அது என்னவென்றே தெரியாமல் அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

இ)

இனி 'அவன்' என்று எழுத முடியவில்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை. என் கதைகளை முதலில் படிப்பவள் நீ. அதனால் எழுதிவிட்டேன். இதற்கு நாற்பது நிமிடத்தை வீணாக்கியிருக்கிறேன். அதற்கும் சேர்த்துத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் போகிற வழியில் திட்டு. பாப்பாவுக்குச் சட்டை மாட்டிவிட்டேன். வண்டி வாசலில் நிற்கிறது.