ஆவுடையப்பனின் பாட்டுக்கு ஓட்டெடுப்பு

பாளையங்கோட்டை கணினிப் பயனர் சங்கத்தில் ஓட்டுரிமை ஸ்மார்ட் வாட்ச்களுக்குத்தான். கை தூக்கி ஓட்டுப் போடுவது அங்கே ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். தூக்கிய கையில் இருப்பது வாட்ச். ஆகவே ஓட்டும் அதனுடையது. ஆட்கள் அவற்றைச் சுமந்துகொண்டு கூட்டத்துக்கு வருவார்கள், வடை சாப்பிடுவார்கள், போவார்கள்.

ஆவுடையப்பனிடம் வாட்ச் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு பாட்டு. சங்கத்துக் கம்ப்யூட்டரில் உள்ள இசை மென்பொருளில், மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, மனைவி பிரமாச்சிக்காக அவர் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூட அவர் சொன்னதில்லை. சொல்லாததையெல்லாம் அதில் போட்டு வைத்திருந்தார். ஆனால் அந்த மென்பொருள் கறாரானது. சங்கம் தீர்மானம் போட்டால்தான் வாயைத் திறக்கும்.

அன்று பிரமாச்சியும் பெட்டியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகளின் பிரசவத்துக்காகச் சாயங்கால ரயிலில் புனே போகிறாள். திரும்பி வர ஆறு மாதமாகும். ரயில் ஏறுவதற்குள் அவள் பாட்டைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆவுடையப்பன் தவித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் முதல் பொருள் ஸ்மார்ட் வாட்ச். இரண்டாவதுதான் இசை. தங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாட்ச்களுக்கு நிறுத்தத் தெரியாது. வார் தோலா ரப்பரா என்பதிலேயே பாதிப் பொழுது போயிற்று. பிறகு தலைவர் சவரிராயனின் வாட்ச் அதிர்ந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். இன்னொன்று அதிர்ந்தது. எல்லாரும் வரிசையாக அறையைச் சுற்றி நடந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். மூச்சை இழுத்து விட்டார்கள். ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், என் பாட்டு?”

சவரிராயன் ஓட்டுக்கு விட்டார். ஒரு கைகூட உயரவில்லை. எதிர்ப்பவர்கள் யார் என்றதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் நடை குறைந்துவிடும் என்பது வாட்ச்களின் கருத்து.

“அந்தச் சனியனைக் கழத்தி வச்சிட்டுக் கேளுங்கய்யா!” என்று கத்தினார் ஆவுடையப்பன்.

“கழத்திட்டா அது யாரு கைன்னு எப்படி சார் தெரியும்?” என்றார் சவரிராயன் பொறுமையாக.

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். இவர்களோடு மாரடித்தே ஆயுசு போய்விடும் போலிருந்தது.

பிரமாச்சி எழுந்தாள். “ஏங்க, ரயிலுக்கு நேரமாச்சு. எதுக்கு என்னைய இங்க உக்கார வச்சிருக்கீய? வீட்ல இருந்தா ஒங்களுக்கு மாவாவது ஆட்டி வச்சிருப்பேன்.” சொல்லிக்கொண்டே இடது கையைத் தூக்கிக் கொண்டை ஊசியைச் செருகினாள்.

கை நிறையக் கண்ணாடி வளையல். சவரிராயன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். வாட்ச்களைவிட அதிகம் இருந்தன. தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தார்.

மென்பொருள் வாயைத் திறந்தது. ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டுமே பாடியது. வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் கேட்டன. மற்ற யாருக்கும், ஆவுடையப்பனுக்கேகூட, ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

“ஆரம்பிக்கப் போறாவளா இல்லையா?” என்றாள் பிரமாச்சி. பிறகு தன் கையைப் பார்த்தாள். “இது என்ன, இந்தக் கை மட்டும் இப்படிப் புல்லரிக்கு?”

பாட்டு முடிந்ததும் அவள் பெட்டியை எடுத்தாள். இடது கை கிளம்ப மறுத்தது. நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தாள். நேரமாகிக்கொண்டிருந்ததால், அதைக் கழற்றி ஆவுடையப்பனின் மடியில் வைத்தாள்.

“பாத்திரம் கழுவ விட்டுராதீய. அதுக்கு சோப்பு ஆகாது. படுக்கப் போகும்போது தேங்காண்ணெய் தேச்சு விடுங்க.”

“சரி” என்றார் ஆவுடையப்பன்.

வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. மடியிலிருந்த கை மெல்ல உயர்ந்தது. சவரிராயன் மறுபடி எண்ண ஆரம்பித்தார்.