கழுவின உப்பு

வடக்குப்பட்டில் சின்னப்பொண்ணு வீட்டுச் சாப்பாட்டில் பல்லில் மண் கடிபட்டது என்று சொன்ன ஆள் இதுவரை பிறக்கவில்லை. அரிசியை மூன்று தண்ணீரில் களைவாள், கீரையை நாலு தண்ணீரில் அலசுவாள், உப்பைக்கூடக் கழுவித்தான் பானையில் போடுவாள். ஆமாம், உப்பைத்தான். அறுவடை முடிந்த கையோடு மரக்காணத்துப் பக்கமிருந்து சுப்பராயன் மாட்டு வண்டியில் கல்லுப்பு கொண்டுவருவான். நெல்லை வாங்கிக்கொண்டு உப்பை அளந்து போடுவான். அதில் உப்பும் இருக்கும், உப்பளத்துச் சேறும் இருக்கும். சட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, கையால் சட்டென்று ஒரு சுழற்றுச் சுழற்றிக் கலங்கலை வடித்துவிட்டு முறத்தில் காயவைத்தால் வெள்ளை வெளேரென்று வரும். தெருவே அப்படித்தான் செய்தது. அதில் என்ன தப்பு இருக்க முடியும்?

மருமகள் ஜோதிக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவள் வேதனை வேறு. சேரப்பணஞ்சேரியிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் மாதம் நிறைந்து பிறந்தன. இரண்டும் அழவில்லை. தலையும் முடியும் விரலும் நகமுமாக எல்லாம் இருந்தது, உயிர் மட்டும் இல்லை. இரண்டாவதை ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனபோது மார்பில் பால் கட்டிக்கொண்டு அவள் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம்.

தொண்ணூறாம் வருஷம் மார்கழி மாதம் மூன்றாம் முறையாக நாள் தள்ளிப்போனது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் புருஷன் திருமலையிடம் அவள் சந்தோஷமாகச் சொல்லவில்லை, சண்டைக்குப் போகிறவள் மாதிரி சொன்னாள்.

"இன்னாங்க, இந்தப் புள்ளைய நான் வுடறதா இல்ல."

கிராமத்து நர்ஸ் எஸ்தர்தான் முதலில் பார்த்தாள். வயிற்றைப் பார்க்க வந்தவள் ஜோதியின் கழுத்தில் கை வைத்தாள். முன்கழுத்தில் லேசான புடைப்பு. சதை போட்டிருக்கிறது என்றுதான் ஜோதி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். எஸ்தர் அவளைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டரம்மா எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்த்தாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அயோடின்னு ஒரு சத்து இருக்கும்மா. உடம்புக்கு ரொம்பக் கொஞ்சம்தான் வேணும். அந்தக் கொஞ்சமும் இல்லன்னா கழுத்து வீங்கும். வயித்துல இருக்கற பிள்ளைக்கு இன்னும் கெடுதல். அயோடின் கலந்த உப்பு பாக்கெட்ல விக்குது. இன்னையிலேருந்து அதையே போட்டு ஆக்கு."

"அதனாலதான் எனுக்கு ரெண்டும் போச்சா டாக்டர்?"

"அதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்தப் பிள்ளை அதனால போச்சுன்னு இருக்கக் கூடாது."

ஜோதிக்கு அது போதும். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள்.

சின்னப்பொண்ணு கேட்டுக்கொண்டே கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "பாக்கெட் உப்பா? அது கருத்தடை மருந்து கலந்த உப்புடி. ஒரகடம் கூட்ரோட்ல எல்லாரும் பேசிக்கிறாங்க. துன்னா பொம்பளைக்கு வவுறு மூடிக்கும், ஆம்பளைக்கு ஒண்ணும் இல்லாம பூடும். அன்னிக்கு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு பக்கெட் குடுத்து ஆம்பளைங்கள ஜீப்ல இட்டுக்கினு போனானே, அவனே இப்ப உப்புல கலந்து குடுக்கறான். நம்ம வூட்டு வாசப்படிக்குள்ள அது வரக் கூடாது."

இதைக் கெட்ட எண்ணத்தில் சொன்னாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பேரப்பிள்ளைக்கு ஏங்கி வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு கால் தேய நடந்தவள் அவள். ஒரே மகன். அவன் வம்சம் இதோடு முடிந்துவிடுமோ என்ற பயம் அவள் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத்தான் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

ஜோதி வாக்குவாதம் செய்யவில்லை. அவளுக்கு அதற்கு நேரமில்லை. மாமியார் களையெடுக்கப் போன ஒரு நாள் கண்ணப்பன் கடையில் அயோடின் உப்புப் பாக்கெட்டுகளை வாங்கி மடியில் மறைத்துக்கொண்டு வந்தாள். நல்ல காலம், அதிலும் கல்லுப்பாகவே விற்றார்கள். சுப்பராயன் உப்பைக் கொல்லைத் தென்னை மரத்தடியில் குழிவெட்டிப் புதைத்தாள். பானையில் பாக்கெட் உப்பு ஏறியது. பாக்கெட்டுத் தாள் அடுப்பில் எரிந்தது. கிழவிக்குத் துளி சந்தேகம் வரவில்லை. பானை குறையக் குறைய ஜோதி அப்படியே நிரப்பிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கவளத்தையும் மருந்து சாப்பிடுகிறவள் மாதிரி நிதானமாக மென்று விழுங்கினாள். மனசுக்குள் ஒரு தெம்பு வந்திருந்தது.

பங்குனியில் எஸ்தர் ஒரு சின்ன மருந்து பாட்டிலோடு வீடு வீடாக வந்தாள். உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் நீலமாகும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். ஜோதி பெருமையாக ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எஸ்தர் சொட்டை விட்டாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

உப்பு வெள்ளையாகவே இருந்தது.

இன்னொரு சொட்டு விட்டாள். அப்போதும் அப்படியே இருந்தது.

ஜோதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செருப்புகூடப் போடாமல் நேராகக் கண்ணப்பன் கடைக்குப் போனாள். எஸ்தர் பின்னாலேயே ஓடினாள்.

"யோவ், புள்ளத்தாச்சி வவுத்துல அடிச்சி நீ எந்த மாடி வூடு கட்டப் போற? வெறும் உப்ப பாக்கெட்ல கட்டி விக்கிறியா?" என்று ஜோதி கேட்டது தெருக்கோடி வரை கேட்டது.

கண்ணப்பன் கல்லாவை விட்டு எழுந்தான். ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரித்துத் தராசுத் தட்டில் கொட்டினான். "சொட்டு வுடு சிஸ்டர்," என்றான். எஸ்தர் விட்டாள். விட்ட இடம் கருநீலமாக மாறியது. "பாத்துக்கோ. என் மானத்த வாங்கிட்டல்ல. உம் வூட்ல போயி பாரு, கோளாறு எங்க கீதுன்னு."

எஸ்தர் ஜோதியின் தோளைத் தொட்டாள். "பாக்கெட்ட வூட்டுக்கு எடுத்துக்கினு போயி இன்னா பண்ணே?"

"இன்னா பண்ணுவாங்க? கழுவி, காய வெச்சி, பானைல போட்டேன்."

"கழுவினியா?"

"கழுவாம எப்பிடி சிஸ்டர் போடறது? புள்ளைக்காச்சேன்னு ரெண்டு தண்ணி வுட்டுக் கழுவினேன்."

எஸ்தர் அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். உப்பைக் கழுவுவார்கள் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அந்த டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை. அயோடின் கல்லுக்கு மேலேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டால் போய்விடும் என்று எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். ஜோதிக்குப் புரிய நேரமாகவில்லை. பிள்ளைக்கென்று பயந்து பயந்து வாங்கி வந்ததையெல்லாம் அவள் கையாலேயே, அதுவும் பிள்ளைமேல் வைத்த ஆசையாலேயே, கொல்லைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. போன நாட்கள் போனதுதான் என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதால் இருக்கிற நாளும் போகும் என்று முந்தானையால் மூஞ்சியை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா சின்னப்பொண்ணு அங்கே வந்து நிற்க வேண்டும்? மருமகளின் சத்தம் கேட்டு வந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தராசுத் தட்டையே பார்த்தாள்.

"இதான் அந்த மருந்தா?" என்றாள்.

"இது சத்தும்மா," என்றாள் எஸ்தர். "சத்து இருக்குன்னு காட்டத்தான் நீலமாவுது."

"வெள்ளை உப்பு நீலமாவுது, அது சத்தா? மயில்துத்த வெஷம்கூட இந்தக் கலர்தான். நீ துன்னுவியா?"

நல்லது என்று நிரூபிக்கக் கொண்டுவந்த சொட்டே கிழவிக்கு விஷத்துக்குச் சாட்சியாகிவிட்டது. சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனதும் பானையைச் சாக்கடையில் கவிழ்த்தாள். எதிர்வீட்டில் சுப்பராயன் உப்பை வாங்கிவந்து நிரப்பினாள்.

மறுநாள் சமையல் ஜோதியுடையது. திருமலைக்குச் செகண்ட் ஷிப்ட், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். சின்னப்பொண்ணு ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கொழம்புல உப்பு இல்ல."

"சோத்துலயும் இல்ல அத்தே. எதுலயும் போடல." ஜோதி கிழவி முன்னால் பானை உப்பைக் கிண்ணத்தில் வைத்தாள். தன் தட்டுக்குப் பக்கத்தில் பிரிக்காத பாக்கெட் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உங்குளுது உங்குளுக்கு. என்னுது எனுக்கு."

"உப்பில்லாத சோறு எப்ப ஆக்குவாங்கன்னு தெரியுமாடி உனுக்கு?" சின்னப்பொண்ணு கையை உதறினாள். அந்தப் பக்கத்தில் செத்தவர்களுக்குப் படைக்கிற சோற்றில்தான் உப்பு போட மாட்டார்கள். "வவுத்துப் புள்ளைய வெச்சிக்கினு இந்த வூட்ல அந்தச் சோத்த ஆக்கறியே."

"தெரியும். ரெண்டு தபா அந்தச் சோத்தப் பாத்துட்டேன்."

திருமலை, "ஜோதி, வுடு," என்றான்.

"நீங்க சும்மா இருங்க." அவள் மாமியாரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அத்தே, ரெண்டு புள்ளையையும் உங்க உப்பத் துன்னுதான் சொமந்தேன். ஒரு தூசி இல்லாம கழுவின உப்பு. ரெண்டையும் ஏரிக்கரைல பொதச்சீங்க. பாக்கெட் உப்பு துன்னா புள்ள பொறக்காதுன்றீங்க. பானை உப்பு துன்னு எனுக்கு எந்தப் புள்ள நின்னுது, சொல்லுங்க. அப்பால நான் இதத் தூக்கிப் போட்டுடறேன்."

சின்னப்பொண்ணு தட்டில் இருந்த சோற்றை விரலால் தள்ளித் தள்ளி ஓரத்தில் ஒதுக்கினாள். பிறகு எப்போதும் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் முந்தானையை இறக்கினாள். மருமகளின் கழுத்தில் எலுமிச்சை அளவுகூட இல்லாத புடைப்பு அவள் கழுத்தில் மாங்காய் அளவுக்கு இருந்தது.

"எனுக்கு மூணு," என்றாள். "திருமலைக்கு முன்னாடி. மூணும் அழல. எங்க மாமியா நான் சாபம் புடிச்சவன்னு சொல்லிக்கினே செத்தா. நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு கெடந்தேன். உப்பப் பத்தி எனுக்கு யாருடி சொன்னாங்க?"

ஜோதிக்கு எழுந்துபோய் மாமியார் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது. உட்காரவில்லை. இப்போது இளகினால் கை நழுவிவிடும் என்று பயந்தாள்.

சின்னப்பொண்ணுவே கையை நீட்டிப் பாக்கெட்டை எடுத்தாள். பல்லால் கடித்துக் கிழித்தாள். தன் சோற்றில் கொஞ்சம் போட்டுக்கொண்டாள், மருமகள் தட்டில் வைத்தாள். கடைசியாக மகன் தட்டுக்கு மேலே அவள் கை வந்து நின்றது. இத்தனை நாள் எவனைக் காப்பாற்றப் பாக்கெட்டை வாசலில் தடுத்தாளோ, அவன் தட்டு அது. போட்டுவிட்டாள்.

திருமலை தட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "எம்மா, கம்பெனிலகூட சொல்லிக்கிறாங்க, ஆம்பளைங்களுக்கு..."

"அவ துன்றத நீயும் துன்னு. போனா ரெண்டு பேருக்கும் சேந்து போவட்டும், இருந்தா சேந்து இருக்கட்டும். அவள மட்டும் தனியா வுடறதுக்கு இன்னா, அவ ஒருத்தி புள்ளையா அது?"

அவன் பிசைந்து சாப்பிட்டான்.

ஆவணியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஜோதிக்கு வலி எடுத்தது. பிறந்தது பெண். உப்பினால்தான் என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது, அந்த டாக்டரம்மாவே செய்ய மாட்டாள். பிறந்து ஒரு நொடி சத்தமில்லை. கட்டிலில் கிடந்த ஜோதி மூச்சை அடக்கிக்கொண்டாள். நர்ஸ் குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினாள். அது வார்டு முழுக்கக் கேட்கும்படி வீறிட்டது.

கதவுக்கு வெளியே நின்றிருந்த சின்னப்பொண்ணுவை உள்ளே விட்டபோது அவள் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. பக்கத்தில் நின்று அது அழுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பால் கொடுத்து அமர்த்தப்போன ஜோதியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் அழட்டும்டி," என்றாள். "திருமலைக்கு அப்பால இப்பத்தான் கேக்கறேன்."