நாற்பது தப்படி

1

மாமாவுக்கு நாக்குதான் நீளம். காலு அவ்ளோ இல்ல.

என் கதையில் வரும் கலையரசி இதை மனசுக்குள் நினைத்தாள். எனக்கு இந்த வரி கிடைத்தது போன வாரம், டிவி முன்னால். ஒரு கால்பந்துக்காரன் ஓடிய வேகத்தைத் திரையில் போட்டார்கள். "நூறு மீட்டர் சாம்பியனையே இவன் முந்திடுவான்" என்றான் அக்கா மகன். "பந்து இல்லாம ஓடச் சொல்லு" என்றாள் என் மகள் சுபஸ்ரீ. இருவர் காபியும் ஆறிப்போனது. நான் எழுந்து வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கியிருந்த ஒரு...'

வேண்டாம். மலை வந்தால் கடைசிவரை மலையைத்தான் எழுதுவேன்.

இரண்டாவது: 1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். சங்கராபுரம் சாலையில் புளியமரங்கள் வெட்டப்பட்டுக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை. கடலூரில் நடந்த மாவட்டப் போட்டிக்கு, நூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்த கலையரசியால் போக முடியவில்லை. பள்ளியில் அவளுக்கு அது கடைசி வருஷம். இனி ஓட இன்னொரு போட்டி இல்லை.

(போட்டியைத் தள்ளி வைத்திருக்க மாட்டார்களா என்பீர்கள். நியாயம்தான். இந்தக் கதையில் தள்ளி வைக்கவில்லை.)

3

அவளுடைய அத்தை மகன் பகலவன், ஊர் கால்பந்து அணிக்காரன். விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கினு இருந்தான். (உரித்துக்கொண்டு. அவனோடு சேர்ந்தால் எனக்கும் இப்படி வந்துவிடுகிறது.)

"கடலூர் போயி இன்னா கிழிச்சிருப்ப? என்னையே முந்த மாட்ட."

"பந்து இல்லாட்டி எந்தப் பக்கம் ஓடறதுன்னே உனுக்குத் தெரியாது மாமா."

"ஓடிப் பாத்துடலாமா? இந்த மரத்துலேர்ந்து அந்த மரம் வரிக்கும்."

அவள் நடந்து அளந்தாள். நாற்பது தப்படி.

"இது உன் தூரம். நான் நிமிர்றதுக்குள்ள மரம் வந்துடும்."

அவள் சொன்னது சரி. பந்து யாருக்கு என்பது முதல் முப்பது மீட்டருக்குள் முடிந்துவிடும். கால்பந்துக்காரனின் கால் அதற்குப் பழகியது. ஓட்டக்காரி அதுவரை குனிந்தே வருவாள். அவளுடைய வேகம் அதற்குப் பிறகுதான்.

"நூறு மீட்டருக்கு எங்க போவ? ரோடு பூரா மரம்" என்று சிரித்தான் பகலவன்.

4

முடிவுகள்.

அவள் ஓடித் தோற்கிறாள். எழுதினேன், அடித்தேன்.

அவள் ஓடி ஜெயிக்கிறாள். நாற்பது தப்படியிலா? நானே நம்பவில்லை.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது: மரங்களை எடுத்துவிடுகிறேன். எனக்கு அது அந்த வரிமேல் ஒரு கோடு கிழிக்கிற வேலை. சாலை திறக்கும். நூறு மீட்டர் என்ன, கடலூர் பஸ்ஸே வரும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஓட்டம் முடியவேண்டிய அந்த இரண்டாவது மரத்தை வெட்டியவர் அவள் அப்பா. போலீசுக்குப் பயந்து நாலு நாளாக மலையில், தெரிந்தவர் வீட்டில் ஒளிந்திருக்கிறார். கிளம்பும்போது, "உனுக்கு ஒரு காலேஜ் சீட்டு கெடைக்கணும்மா" என்றார். மறுநாள் கடலூரில் போட்டி என்பது அவருக்கு நினைவில்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே கேட்டேன்: "கலையரசி, அந்த மரம் இல்லன்னு எழுதிடட்டுமா? நீ ஓடு."

அவள் இரண்டாவது மரத்தடிக்குப் போய், அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். எனக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.

"வேணாங்க்கா. நைனா வெட்டுனது. கெடக்கட்டும்."