அதிகாரி சொன்ன வேலைகள்

துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களில் அதிகாரியின் ஆங்கிலம் புரிந்தது மருந்துக்கடைக்காரிக்கு மட்டும்தான். கவிழ்ந்துபோன சரக்குப் படகைச் செலுத்தியவன் அவள் கணவன். ஒரு பக்கம் என்ஜின்காரனின் அம்மா, மறுபக்கம் சமையல்காரனின் மனைவி. அவர்கள் வீட்டு ஆண்களையும் காணாமல் இது ஐந்தாம் நாள். தேடுவதா, நிறுத்துவதா என்று நண்பகலுக்குள் முடிவாகவேண்டும்.

அதிகாரி வரைபடத்தைப் பார்த்தபடியே பேசினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“என்னம்மா சொல்றாரு?” என்றாள் என்ஜின்காரனின் அம்மா.

“வைக்கோல் போர்ல ஊசி தேடற மாதிரியாம், பெரியம்மா.”

“போரக் கொளுத்தச் சொல்லு. ஊசி எரியாது.”

மருந்துக்கடைக்காரி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வேறொன்று சொன்னார்.

“தண்ணிய மேட்டுக்குத் தள்ளற வேலையாம்.”

சமையல்காரனின் மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “தெனமும் மூணு மாடி குடம் தூக்கறேனே, நான் என்ன பண்றேனாம்? அவரையும் வந்து ஒரு நாள் தூக்கச் சொல்லுக்கா!”

மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து நாளில் முதல் சிரிப்பு. வந்த வேகத்திலேயே அடங்கியும் விட்டது.

மேலிடத்தில் இன்னொரு நாள் கேட்பது கல்லைப் பிழிந்து ரத்தம் எடுப்பது போல என்றார் அதிகாரி. இதை மருந்துக்கடைக்காரி மற்ற இருவருக்கும் சொல்லவில்லை. ஐந்து நாளாக அவர் சொன்னதெல்லாம் கஷ்டம், கஷ்டம், கஷ்டம். கஷ்டம் என்றால் முடியும் என்பதும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் இரவில் கொஞ்சமாவது கண்ணயர்ந்தாள்.

உவமை வேண்டாம், உயிரோடு இருப்பார்களா என்று நேராகக் கேட்டாள்.

அவர் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குளிர்ந்த நீரில் யாரும் இரண்டு நாளுக்கு மேல் இருக்க முடியாது என்றார்.

“இப்ப எதோட ஒப்பிட்டாருக்கா?” என்றாள் சமையல்காரனின் மனைவி.

“எதோடயும் இல்லம்மா. ரெண்டு நாளுக்கு மேல அந்தத் தண்ணி தாங்காதாம். யாரும் இருக்கமாட்டாங்களாம்.”

என்ஜின்காரனின் அம்மா மடியிலிருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“சரி. அதுக்காக எம் புள்ளைய மீனுக்கு விட்டுட்டுப் போகச் சொல்றாரா? ஆளாத் தேடவேணாம். உடம்பாத் தேடச் சொல்லு.”

அதற்கு மேலிடம் வேண்டாம், தன் கையெழுத்தே போதும் என்று அதிகாரி இழுப்பறையைத் திறந்தார். ஆளுக்கொரு படிவம். உயிரோடு இருப்பவரை மீட்க ஒரு கட்டம், உடலை மீட்க ஒரு கட்டம்.

மற்ற இருவரின் படிவத்தையும் மருந்துக்கடைக்காரியே மளமளவென்று நிரப்பினாள், இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு. தன்னுடையதில் கை நின்றுவிட்டது.

“போடும்மா,” என்றாள் என்ஜின்காரனின் அம்மா. “போட்டாத்தான் படகு கெளம்பும்.”

போட்டாள். மை விழவில்லை. இன்னொரு முறை அழுத்திப் போடவேண்டியிருந்தது.