பின் அச்சில் புனிதநீர்

1

இந்தக் கதை எதிர்வீட்டு முற்றத்தில் நடந்தது. நான் ஜன்னலருகே காபியோடு நின்றிருந்தேன். இலக்கியத்துக்கு என் பங்களிப்பு பெரும்பாலும் இவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பால்கன் மலைமேல் பனி மௌனமாக...' பனி என்றைக்குச் சத்தம் போட்டது? அடித்துவிட்டேன்.

அடுத்த முயற்சி: 'எதிர்வீட்டு ஸ்தாமென் ஜீப்போடு ஆற்றில் இறங்கினான்.'

இது உண்மை. அதனால் யாரும் நம்பப் போவதில்லை. இருக்கட்டும்.

2

ஜனவரி ஆறாம் தேதி பாதிரியார் எங்கள் ஆற்றை ஆசீர்வதித்து, மரச்சிலுவையை அதில் எறிவார். ஆண்கள் குதிப்பார்கள். முதலில் எடுப்பவன் வீட்டுக்கு அந்த ஆண்டு நோய்நொடி கிடையாது.

ஸ்தாமெனுக்கு அறுபதை நெருங்கும் வயது. முழங்கால் மடங்காது, சிலுவையும் வேண்டும். ஆகவே நான்கு சக்கரங்களோடு குதித்தான். [அவன் மூளையை அதிகமாகக் கிண்டல் செய்கிறேனோ? இல்லை.]

சிலுவை பல் டாக்டருக்குக் கிடைத்தது. ஸ்தாமெனுக்குத் தண்ணீர் கிடைத்தது. ஓடி வந்த சூட்டோடு பின் அச்சு குளிர்நீரில் மூழ்கியதும் உள்ளிருந்த காற்று சுருங்கி, காற்றுப்போக்குக் குழாய் வழியாக ஆற்றை உறிஞ்சிவிட்டது. பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் எண்ணெயில் புனிதநீர் கலந்தது.*

* உலக இலக்கியத்தில் இதுவே முதல்முறை என்று நினைக்கிறேன். சரிபார்க்கச் சோம்பல்.

3

டிராக்டர் மெக்கானிக் நெத்யால்கோ முற்றத்துக்கு வந்து, பின் அச்சின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான்.

"டேய், இது ஆயிலா, பால் காபியா? இதோட மேட்டுல ஏறினா உள்ள இருக்கிற பல்லெல்லாம் போயிரும். அப்புறம் அந்த டாக்டர்கிட்டதான் போய் நிக்கணும். இறக்கிட்டுப் புதுசு ஊத்து, நான் தர்றேன்."

"யாரும் கை வைக்காதீங்க!" ஸ்தாமெனின் மனைவி பெங்கா ஓடி வந்தாள். "ஆசீர்வாதத் தண்ணி அது. கீழ கொட்டுவாங்களா?"

"அக்கா, டிஃபரன்ஷியலுக்கு ஏது பக்தி?"

"உனக்கே கிடையாது. அதுக்கு எங்கேர்ந்து வரும்?"

பாதிரியாரை அழைத்து வந்தார்கள். "நான் ஆத்தைத்தான் ஆசீர்வதிச்சேன், ஆயிலை இல்லையே" என்றார். கலந்துவிட்டதே என்றாள் பெங்கா. "ஆமா, கொஞ்சம் சிக்கல்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

4

[இந்த இடத்தில் பெங்காவைப் பற்றி நகைச்சுவைகள் சில இருந்தன. எடுத்துவிட்டேன்.]

அவளை ஒரு மூடநம்பிக்கைக்காரியாக எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். பிறகுதான் அவள் சொன்னது காதில் விழுந்தது. மேல்மலையில், மருமகனின் ஆட்டுப்பண்ணையில், மகள் எலிட்சா நிறைமாதமாக இருக்கிறாள். இன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டும். பனியில் அங்கே ஏறக்கூடியது இந்த ஜீப் ஒன்றுதான். போன ஆண்டு அவளுக்குப் பிறந்த குழந்தை வீடு வந்து சேரவில்லை.

"சிலுவைதான் கிடைக்கல," என்றாள் பெங்கா. "தண்ணியாவது அவகிட்டப் போகட்டும்னு பார்த்தேன்."

காபி ஆறிப்போனது.

5

முடிவு அ: எண்ணெயை மாற்றாமல் போகிறான். பாதி மேட்டில் பற்கள் நொறுங்க, மேலே எலிட்சா வலியில்... எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: புனிதநீர் தானாகவே எண்ணெயிலிருந்து பிரிந்து, ஒளி வீசி... [வேண்டாம். எனக்கும் மானம் உண்டு.]

முடிவு இ: மாற்றிவிட்டுப் போகிறான். வண்டி ஏறிவிடும். ஆனால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த வீட்டில் சாகும்வரை அவன் பிடித்த ஸ்பானரைப் பற்றித்தான் பேச்சு. அது தெரிந்துதான் ஸ்தாமென் ஜீப்புக்கு அடியில், எண்ணெய் இறக்கும் நட்டில் ஸ்பானரை மாட்டியும் திருப்பாமல் கிடந்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். பெங்கா உள்ளே போய், ஈஸ்டர் ரொட்டிக்கு மாவு பிசையும் பெரிய தாம்பாளத்தை எடுத்து வந்தாள். பனியில் அவன் பக்கத்தில் படுத்து, நட்டுக்கு நேர்கீழே அதைப் பிடித்தாள்.

"திருப்பு."

"பெங்கா..."

"திருப்புன்னு சொல்றேன்ல. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, இறக்கச் சொன்னது நான். நீ இல்ல. கேட்டுச்சா?"

அவன் திருப்பினான்.

6

புது எண்ணெயோடு ஜீப் மேலே போய்விட்டது. எலிட்சாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஊகித்து எழுதத் துணிவும் இல்லை.

கிளம்புமுன் பெங்கா என் வீட்டு ஜன்னல் வழியாக அந்த எண்ணெய்த் தாம்பாளத்தை என் கையில் திணித்தாள். "எழுத்தாளரே, சும்மாதானே நிக்கிறீங்க. யார் காலும் படாத இடமாப் பார்த்து ஊத்துங்க. மரத்தடி வேண்டாம், மரம் பட்டுப்போயிரும்."

அப்படியொரு இடம் எங்கே இருக்கிறது? கை வேறு வலிக்கிறது. முடிவை அப்புறம் கேளுங்கள். இப்போது இந்தத் தாம்பாளத்தை ஒரு பக்கம் பிடியுங்கள்.