காக்கை இறங்காத பின்வாசல்

குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க வாளியோடு பின்வாசலுக்கு வந்த நிலக்ஷி, பீலிக் குழாய்க்குப் போகாமல் படியிலேயே நின்றுவிட்டாள்.

வேலிக் கம்பியில் கொண்டைக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொய்யா மரத்தில் இன்னும் சில. இரண்டு மைனாக்கள் கோழிக்கூட்டின் தகரத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் நடந்தன. எல்லாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளைக் கண்டும் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. இந்த நேரத்தில் இந்தக் கதவைத் திறந்துகொண்டு வரவேண்டியவள் அவள் அல்ல.

வரவேண்டியவர் முன்னறையில் வாங்குப் பலகையின் மேல் கிடந்தார். வேலைவிட்டு வந்த அவள் அப்பா வீரய்யா நேற்று மாலை நெஞ்சு எரிகிறது என்றார். மகள் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுப் படுத்தார். விடியும்போது மீதித் தேத்தண்ணி தலைமாட்டில் ஆறிக் கிடந்தது.

மூடுபனி லயத்து வரிசை வீடுகளின் கூரைவரை இறங்கியிருந்தது. எதிர் மலை இல்லை, தொழிற்சாலை இல்லை, ரோடும் இல்லை. வீடும் கொய்யா மரமும் வேலியும் மட்டும் மிச்சம். நிலக்ஷிக்குக் குளிர் எலும்பில் ஏறியது. குசினிக்குள் திரும்பி, ஆணியில் தொங்கிய அப்பாவின் சிவப்புக் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஹட்டன் நடைபாதைக் கடையில் வாங்கியது. முழங்கையில் நூல் பிரிந்து, புகையும் தேயிலைத் தூசியும் மணக்கும். பைக்குள் கை விட்டபோது குருணை அரிசி விரலில் பட்டது. அவர் எப்போதும் வைத்திருப்பார்.

வெளியே வந்து, வேலியோரத்துத் தட்டைக்கல்லில் ஒரு கைப்பிடி தூவினாள். குருவிகள் உடனே இறங்கின. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, அவள் காலுக்கு ஒரு முழ தூரம்வரை வந்தன.

"அடியே, இதென்ன கூத்து?" பின்னால் அழகம்மா அத்தையின் குரல். வீரய்யாவின் தங்கை. அக்கரப்பத்தனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள், அழுது கண் வீங்கியிருந்தாள். "உள்ள எங்கண்ணன் பொணமா கெடக்கு, நீ இங்க குருவிக்குத் தீனி போட்டுக்கிட்டு நிக்கிற!"

"காலையிலேருந்து காத்துக்கிட்டு நிக்கிதுங்க அத்த."

"நிக்கட்டும். மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டு. செத்தவங்க துணிய உடம்புல போடலாமா? அது அவரோடயே பொட்டிக்குள்ள போகணும்."

நிலக்ஷி சட்டையைக் கழற்றினாள். ஆனால் பெட்டிக்குள் வைக்கவில்லை. அரிசி வாளிக்குப் பின்னால் சுருட்டிச் செருகிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

*

அந்தச் சட்டையைக் குருவிகளுக்கும் தெரியும், காக்கைகளுக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொய்யா மரத்துக் கூட்டிலிருந்து ஓர் அண்டங்காக்கை கொண்டைக்குருவிக் குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது. அன்றிலிருந்து வீரய்யா காக்கைகளோடு சண்டைக்கு நின்றார். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும், லீவு நாள் முழுக்கவும், கல்லெறிந்தார், தகரம் தட்டினார், கையை வீசிக்கொண்டு ஓடினார். எப்போதும் அந்தச் சிவப்புச் சட்டையோடுதான். அவை லயத்துக்கு எதிரே சவுக்கு மரத்தில் உட்கார்ந்து திட்டுவதோடு சரி. ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, சட்டையைக் கொய்யாக் கிளையில் மாட்டச் சொன்னார். அன்றைக்கு முழுவதும் ஒரு காக்கையும் வரவில்லை. கொண்டைக்குருவிகளோ சட்டையின் தோளிலேயே உட்கார்ந்து எச்சமிட்டன.

"பாத்தியா, நான் இல்லாமலே வேல நடக்குது" என்று படுக்கையிலிருந்தபடியே சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பின்வாசல் படியில்தான் நிலக்ஷி அவரிடம் கண்டி விஷயத்தைச் சொன்னாள். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை. அதே கடையில் இருக்கும் ஷிராணி, தன் போர்டிங் அறையில் ஒரு கட்டில் காலியாகிறது என்றாள். 'சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள போன் பண்றேன். நீ சரின்னு சொன்னாத்தான் கட்டிலப் பிடிச்சு வெப்பேன். இல்லாட்டி வேற புள்ள வந்துரும்.' பள்ளிக்கூடம் முடித்த பிறகு நிலக்ஷிக்கு இந்த மலையிலிருந்து வெளியே திறந்த ஒரே கதவு அதுதான்.

அப்பா ஒரு கொய்யாப் பழத்தைப் பிளந்து கல்லில் வைத்தார். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குட்டிக் குருவிகள் வந்து கொத்தின. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் கண்ணாடிக்காரி.

"அங்க போனா இவங்களுக்கெல்லாம் அளவெடுத்து நல்ல கண்ணாடியா மாட்டி அனுப்பு" என்றார். பிறகு, பழத்தைப் பார்த்தபடியே, "நீ போனா குருவிக்கு யாரு போடுவான்னெல்லாம் நெனக்காத. நான் போடாட்டியும் அதுக காட்டுல திங்கும்" என்றார்.

அவ்வளவுதான். அவர் பேச்சில் அது நீளமான பேச்சு.

*

மயானத்தில் மண் போட்டு முடித்துக் கை கழுவும்போது, கண்டாக்கையா நிலக்ஷியின் அண்ணன் நிரஞ்சனின் தோளில் கைவைத்தார். மலையில் ஆட்களை மேற்பார்க்கிறவர், நல்ல மனிதர்தான். பெட்டி சுமக்கவும் ஒரு தோள் கொடுத்தவர்.

"இப்ப பேசுற பேச்சில்ல தம்பி. ஆனா தோட்டத்துத் தொர கேப்பாரு. ஒங்க வீட்டுல இனி யாரு பேர் பதியப் போறாங்க?"

தோட்டத்தில் ஒருவர் பெயராவது வேலைக்குப் பதிந்திருந்தால்தான் லயத்து வீடு. நிரஞ்சன் ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறான். இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவன். அண்ணி பிரேமினிக்குக் கைக்குழந்தை, இன்னொன்று நடக்கிற வயது. வீரய்யாவின் பெயர்தான் இத்தனை பேருக்கும் கூரையாக இருந்தது. நிரஞ்சன் ஈரக் கையை உதறினான். திரும்பித் தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வை வீடுவரை அவள் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது.

அன்றும் மறுநாளும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே எல்லோரும் முடிவுசெய்துவிட்டதுபோல நடந்துகொண்டார்கள். பிரேமினி தன் பழைய படங்குச் சாக்கை, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுவதை, துவைத்துக் காயப்போட்டாள். "சும்மா கெடந்துச்சு, அதான்" என்றாள், யாரும் கேட்காமலே.

*

மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலையில் குழிமேட்டில் பால் தெளித்துவிட்டு வந்து, அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார்கள். காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் சாப்பிடலாம். இலை வைக்கச் சமதளமாக இருந்தது குருவிக்குப் போடும் தட்டைக்கல் ஒன்றுதான். நிரஞ்சன் அதைக் கழுவி வாழை இலையை விரித்தான். சோறு, பருப்பு, வடை, ஒரு தம்ளர் வெறுந்தேத்தண்ணி.

"கால் போத்தல் சாராயம் வெச்சா வீரய்யா நேராவே வந்துருவான்" என்றார் பக்கத்து வீட்டு நல்லமுத்து. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. முப்பது வருஷக் கூட்டாளி அவர்.

நிலக்ஷி படியில் நின்றாள். குளிர் தாங்காமல் அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தாள். அத்தை பார்த்து முகத்தைச் சுளித்தாளே தவிர, இன்று ஒன்றும் சொல்லவில்லை.

"கா... கா..." என்று நிரஞ்சன் கூப்பிட்டான்.

சவுக்கு மரத்தில் காக்கைகள் இருந்தன. கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தன. ஒன்று பறந்து பக்கத்துக் கூரைவரை வந்தது. படியைப் பார்த்தது. கரகரவென்று கத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நேரம் போனது. தூறல் விழுந்து வடையின் மேல் முத்துமுத்தாக நின்றது. உள்ளே பிள்ளை பசியில் அழத் தொடங்கியது.

"காக்காவுக்கு நோம்பு போல" என்றார் நல்லமுத்து. "எனக்கு ஒரு வட குடுங்க, நானே கா கான்னு கத்துறேன்."

"சும்மா இருங்க மாமா" என்றாள் பிரேமினி.

அழகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணனுக்கு என்னமோ கொற இருக்கு. மனசு நெறையாமப் போயிருச்சு. அதான் எறங்க மாட்டேங்குது."

"கொற ஒன்னுமில்ல அத்த" என்றாள் நிலக்ஷி. "அப்பா காக்காயப் பாத்தா கல்லெடுப்பாங்க. ரெண்டு வருஷமா இங்க காக்காயே எறங்குனதில்ல."

"செத்த மனுசன் கையில இப்ப கல்லா இருக்கு?" அத்தையின் குரல் உயர்ந்தது. "அவரு கொற என்னன்னு ஒனக்குத் தெரியும். இந்த வீடு கைவிட்டுப் போகுமேன்னு தான் அந்த உசுரு அல்லாடுது. ஒரு வார்த்த சொல்லு புள்ள. நான் இருக்கேன், நான் பேர் பதியிறேன்னு வாயத் தொறந்து சொல்லு. வந்துரும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நிரஞ்சன் மட்டும் பார்க்கவில்லை. ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துத் துடைத்து நின்றான்.

"அப்பா என்னயப் போகத்தான் சொன்னாங்க" என்றாள்.

"எப்ப?" என்றாள் அத்தை.

"ஞாயித்துக்கெழம. இங்க வெச்சுத்தான்."

"அத யாரு காதால கேட்டா?"

நிலக்ஷி வேலிக் கம்பியைப் பார்த்தாள். கொண்டைக்குருவிகள் நனைந்து உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"நான் ஒன்னய வற்புறுத்தல" என்றான் நிரஞ்சன் மெதுவாக. "ரெண்டு புள்ளைய வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? அத மட்டும் சொல்லிரு, போதும்."

மீண்டும் ஒரு காக்கை கூரைக்கு வந்தது. இலையைப் பார்த்தது. பிறகு நேராக அவளைப் பார்த்தது, அவள் முகத்தை அல்ல. கத்திக்கொண்டு எழும்பிப் போனது.

அப்போதுதான் நிலக்ஷிக்குப் புரிந்தது. குனிந்து தன் மேல் இருந்த சிவப்பைப் பார்த்தாள். மனம் லேசானது. இவ்வளவுதானா. இதைக் கழற்றினால் போதும். காக்கை வரும், வடையை எடுக்கும். யாரும் எதையும் சொல்லவேண்டியதில்லை. அப்பாவுக்குக் குறையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆறு மணிக்குள் ஷிராணி போன் பண்ணுவாள்.

அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றினாள். ஒன்று நூலில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நிரஞ்சன் ஈர மண்ணில் மண்டியிட்டான். கை கூப்பினான். குரல் உடைந்தது.

"அப்பா. தங்கச்சி எங்கயும் போகாதுப்பா. பேர் பதிஞ்சிரும். வீட்ட விட்டுற மாட்டோம். வந்து எடுத்துக்குங்கப்பா."

சட்டை அவள் தோளிலிருந்து கழன்றது. சுருட்டி முதுகுக்குப் பின்னால் பிடித்தாள்.

சவுக்கு மரத்திலிருந்து அண்டங்காக்கை ஒன்று நேராக வந்தது. வேலியில் ஒரு கணம். பிறகு கல்லில். வடையைக் கவ்வியது.

அழகம்மா "ஐயோ அண்ணே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நல்லமுத்து தலைத்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். இன்னொரு காக்கை வந்தது, இன்னொன்று. நிரஞ்சன் எழுந்து வந்து தங்கையின் இரண்டு கைகளையும் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் தண்ணீர்.

"ஒத்துக்கிட்டாரு புள்ள. பாத்தல்ல? ஒத்துக்கிட்டாரு."

"இல்லண்ணே. சட்ட... நான் சட்டையக் கழட்டுனேன். அதான்..."

"அதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் அத்தை மூக்கைச் சிந்தியபடி. "கழட்டுன்னு. எல்லாமா சேந்துதான் அவரு மனசத் தடுத்துச்சு."

நிலக்ஷி வாயைத் திறந்தாள். பிரேமினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. நிலக்ஷி வாயை மூடிக்கொண்டாள்.

*

எல்லோரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்தார்கள். தட்டுச் சத்தமும் பேச்சும் கேட்டன. நல்லமுத்து ஏதோ சொல்ல, அத்தைகூடச் சிரித்தாள்.

"நிலக்ஷி" என்று நிரஞ்சன் உள்ளிருந்து கூப்பிட்டான். "திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு ஆள் கூடுறதுக்கு முன்ன கண்டாக்கையாவப் பாத்துருவோம். நானே கூட்டிட்டுப் போறேன். வா, சோறு ஆறுது."

"வாறேன்."

அவள் பின்வாசல் படியிலேயே நின்றாள். பனி மறுபடியும் இறங்கிச் சவுக்கு மரத்தை மூடிவிட்டிருந்தது. காக்கைகள் கல்லின் மேல் சாவகாசமாக நடந்து, சோற்றை இறைத்துக்கொண்டிருந்தன. ஒன்று தம்ளரைத் தட்டிக் கவிழ்த்தது. குருவிகளைக் காணோம்.

நிலக்ஷி கையிலிருந்த சட்டையை உதறினாள். போட்டுக்கொண்டாள். போனை வலது பைக்குள் வைத்தாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக, கழுத்துவரை போட்டாள்.

காக்கைகள் சத்தத்தோடு எழும்பிப் பனிக்குள் போயின.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கொய்யா இலைகள் அசைந்தன. கொண்டைக்குருவி ஒன்று வேலிக்கு வந்தது, வேலியிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து தரைக்கு. சிதறிய பருக்கைகளைக் கொத்திக்கொண்டே நெருங்கியது. அவளிடம் இதுவரை வராத அளவுக்கு வந்தது. அவள் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பருக்கை கிடந்தது. அதையும் எடுத்தது.

வலது பையில் போன் அதிர்ந்தது. குருவி தலையைச் சாய்த்து நிமிர்ந்து பார்த்தது.

போன் மறுபடியும் அதிர்ந்தது, மறுபடியும். கையை அசைத்தால் குருவி பறந்துவிடும். நிலக்ஷி அசையாமல் நின்றாள்.