டப்பாவுக்குள் கடல்

காலையில் மிதித்தால் பிரேக் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது. மத்தியானம் அதே பெடல் ஈர மணலில் கால் வைத்தது போல உள்ளே இறங்குகிறது. சாத்தாங்காட்டு இரும்பு யார்டில் பெரிய ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜீஷான் மூன்று நாளாக இதையே சொல்கிறான். சூப்பர்வைசர் தாமஸ் காலையில்தான் வந்து மிதித்துப் பார்ப்பார்.

"வெயில் ஏறினா பிரேக்குக்குத் தூக்கம் வருதா நைனா? உனக்குத்தான் வருது. சாயங்காலம் வரிக்கும் பாப்பேன். அப்பால வேற ஆளு," என்றார் தாமஸ்.

"மெய்யாலுமே இறங்குதுக்கா," என்றான் ஜீஷான், மெக்கானிக் செங்கொடியிடம்.

"லோடு வேணாம். காலி வண்டிய நானே ஓட்டிப் பாக்குறேன், குடு."

சமதரையில் இருபதடிக்கு ஒருமுறை மிதித்து நிறுத்தினாள். கானலில் தகட்டு அடுக்குகள் மிதந்தன. அவள் மனம் காலடியிலிருந்து மெல்லிய குழாய்க்குள் நுழைந்து எண்ணெயோடு போனது. எண்ணெய் அமுங்காது. அதனால் காலின் அழுத்தம் துளியும் குறையாமல் சக்கரத்தைப் போய்ச் சேரும். அதை நினைக்கும்போதெல்லாம் அவள் சொக்கிப்போவாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெடல் இறங்கியது. கை பிரேக்கை இழுத்து, வண்டியை நிழலில் விட்டாள். சூடு தணிந்ததும் பெடல் மறுபடி கல்லாகியிருந்தது.

எண்ணெய் கசிந்திருந்தால் பெடல் திரும்ப எழாது. காற்று புகுந்திருந்தால் காலையிலும் இறங்கும். சூட்டில் வந்து குளிரில் மறைவது ஒன்றுதான். நீராவி. ஆவி அமுங்கும். ஆனால் அங்கே தண்ணீர் ஏது?

பிரேக் ஆயில், திறந்து வைத்த உப்பு மாதிரி, காற்றின் ஈரத்தைத் தானாகக் குடிக்கும். அவள் மெதுவாகப் பட்டறைக்குள் திரும்பிப் பார்த்தாள். அலமாரியில் ஆயில் டப்பா, வாயில் துணி கட்டி. அதன் மூடி மேசைமேல், சின்ன நட்டுகளை ஏந்திக்கொண்டு. மழைக்காலம் முழுக்க அப்படியே. பக்கத்திலிருக்கும் கடல், ஈரக்காற்றாகச் சத்தமில்லாமல் டப்பாவுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. போன வாரம் அவள்தான் அதை வண்டிக்கு ஊற்றினாள்.

ஆயிலை மாற்றிவிட்டு, ரப்பர் சீல் போயிருந்தது என்று சொல்லிவிடலாம். தாமஸுக்குத் தெரியாது. ஆனால் மூன்று நாள் பொய்யன் பேர் வாங்கியவன் வாசலில் நிற்கிறானே.

"தாமஸண்ணே, அவன் சொன்னது நெசம். தப்பு என்னுது. டப்பாவ மூடாம வுட்டேன்."

தாமஸ் துணி கட்டிய டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீயா?" என்றார். பிறகு ஜீஷானிடம், "இன்னாத்துக்குப்பா நிக்கிற? ஏறிக் குந்து, அக்காவுக்கு மிதிச்சுக் குடு."

புது டப்பா வந்தது. செங்கொடி சக்கரத்தடியில் படுத்து, பழைய எண்ணெயை வெளியே விடும் திருகில் கண்ணாடி மாதிரித் தெரியும் குழாயை மாட்டினாள்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"புடி... புடி... இப்ப வுடு."

கண்ணாடிக் குழாயில் பழுப்பு எண்ணெய் வந்தது, பிறகு குமிழிகள், பிறகு தேன் நிறம். இரண்டு முன்சக்கரமும் முடிந்ததும் அவள் முதல் வேலையாக மூடியைக் கவிழ்த்து நட்டுகளைக் கையில் கொட்டினாள். பழைய டப்பாவோடு மூடியையும் தூக்கிப் போட்டு, புது டப்பாவை இறுக மூடினாள். கை நிறைய நட்டு. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஜீஷான் வண்டியைத் தானே ஓட்டிச் சூடேற்றிவிட்டு வந்தான். மணி மூன்று. பெடல் கல்லு.

"தூங்கலக்கா," என்று சிரித்து, தன் சோத்து டப்பாவின் மூடியை நீட்டினான். "இதுல போடு. இது தொறந்து கெடந்தா ஒண்ணியும் ஆவாது."